பன்றிகளைக் கேட்காமல் போட்ட வேலி

காட்டுக் குளக்கரையில் துடியாள் என்றொரு ஆள்காட்டிப் பறவை மூன்று குஞ்சுகளோடு வசித்து வந்தாள். அவளுக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. நாலடி ஓடுவாள், கழுத்தை நீட்டிப் பார்ப்பாள், மறுபடி ஓடுவாள்.

அந்த வருடம் குளத்துத் தண்ணீரைக் குடித்த உயிர்களுக்கெல்லாம் கழிச்சல் கண்டது. முயல்கள் சுருண்டு விழுந்தன. மான்குட்டிகள் செத்தன. பயந்துபோன விலங்குகள் ஒன்றுகூடி, நோயை நிறுத்தும் பொறுப்பைத் துடியாளிடம் ஒப்படைத்தன. எந்நேரமும் கண்ணைத் திறந்துவைத்திருப்பவள் அவள்தானே!

துடியாள் குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். காட்டுப்பன்றிகள் சரிவு வழியாகத் தண்ணீரில் இறங்கிப் புரள்வதையும், அங்கேயே கழிவதையும் பார்த்தாள். இனிப் பன்றிகள் பாறைப் பக்கம் நின்று தண்ணீர் குடிக்கலாம், குளத்தில் இறங்கக் கூடாது என்று அன்றைக்கே சட்டம் போட்டாள்.

பன்றிகளையும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கலாமே என்றது புள்ளிமான்.

"நோயைக் கொண்டுவந்தவர்களிடம் யோசனை கேட்பதா? நாம் பேசி முடிப்பதற்குள் இன்னும் நாலு குட்டி சாகும்," என்றாள் துடியாள்.

மேய்ச்சலுக்கு வந்திருந்த யானைகள் அவள் சொன்னபடி வேலமரக் கிளைகளை ஒடித்துச் சரிவில் அடுக்கின. முள்வேலி எழும்பியது. கொஞ்ச நாளில் நோய் மட்டுப்பட்டது. எல்லோரும் துடியாளைப் புகழ்ந்தார்கள். ஆனாலும் அவள் மனம் அடங்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பன்றிகள் வந்து நின்று பார்ப்பது அவளை என்னவோ செய்தது.

கோடை வெயில் ஏறியதும் யானைகள் மலைக்குப் போய்விட்டன. வேலியைக் கரையான் அரித்தது. சரிந்த கிளையைத் தூக்கி நிறுத்த முயலாலும் மயிலாலும் ஆகுமா? ஒரு நாள் மதியம் பன்றிக் கூட்டம் முழுவதும் உள்ளே பாய்ந்தது. துடியாள் அவற்றின் தலைக்கு மேலே பறந்து பறந்து கத்தினாள். ஒரு பன்றிகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

கழிச்சல் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பி வந்தது. இந்த முறை துடியாளின் கடைக்குஞ்சும் தலை தொங்கிப்போயிற்று.

அவள் ஆத்திரத்தோடு பன்றிகளின் புதருக்கு ஓடினாள். அங்கே கூட்டத்தின் தலைவி பூலாயி, துவண்டு கிடந்த தன் குட்டியை நக்கிக்கொண்டிருந்தாள். அதற்கும் அதே கழிச்சல். திட்ட வந்தவள் குட்டியின் பக்கத்தில் போய் நின்றாள்.

"உங்கள் பிள்ளைகளும்தானே சாகின்றன? பிறகு ஏன் அக்கா இறங்கினீர்கள்?" என்றாள் துடியாள்.

"சேறு பூசாவிட்டால் உண்ணி எங்களை உயிரோடு தின்றுவிடும். வேலி போட்ட பிறகு எத்தனை குட்டிகளை உண்ணிக்குக் கொடுத்தோம், தெரியுமா? இதைக் கேட்க இன்றைக்குத்தானே வந்திருக்கிறாய்."

துடியாளுக்குப் பறந்துவிடலாம் போலிருந்தது. குஞ்சு வேறு அங்கே தனியாகக் கிடந்தது. ஆனாலும் பூலாயி சொல்லி முடிக்கும்வரை நின்று கேட்டாள்.

மறுநாள் பன்றிகளின் புதரடியிலேயே எல்லோரும் கூடினார்கள். விடியலில் குட்டியைப் பறிகொடுத்த பூலாயியும் வந்து உட்கார்ந்தாள். அதைப் பார்த்து, சண்டைபோட வந்த மான்கள்கூடக் குரலைத் தணித்துக்கொண்டன. குளத்துக்குக் கீழே கசிவுநீர் தேங்கும் பள்ளத்தைப் பன்றிகள் எடுத்துக்கொள்ளட்டும் என்றது புள்ளிமான். அது மண் சேர்ந்து தூர்ந்துவிடும், பிறகு நாங்கள் எங்கே போவோம் என்று பன்றிகள் கேட்டன. யானைகளை வரவழைத்துத் தோண்டலாம் என்றது மயில்.

"யானைகள் வரும், போகும். வருடம் முழுவதும் இங்கே கிடப்பவர்கள் செய்கிற வேலையாக இருக்க வேண்டும்," என்றாள் துடியாள்.

எல்லோரும் யோசித்தார்கள். கடைசியில் பூலாயிதான் வழி சொன்னாள். "அந்தப் பள்ளத்தில் கோரை வளரட்டும். மான்கள் அதில் வாய் வைக்காமல் இருந்தால் போதும். கோரைக்கிழங்குக்காக நாங்கள் தினமும் மண்ணைக் கிளறுவோம். பள்ளம் எப்படித் தூரும்?"

மான்கள் ஒப்புக்கொண்டன. பன்றிகள் பள்ளத்துக்கு இடம் மாறின. நோய் உடனே போய்விடவில்லை. இன்னும் சில குட்டிகள் போன பிறகுதான் தண்ணீர் தெளிந்தது. துடியாளின் குஞ்சு மெல்ல எழுந்து நடந்தது.

அடுத்த கோடையில் துடியாள் வளர்ந்துவிட்ட தன் குஞ்சுகளோடு தொலைவிலிருந்த ஆற்றுமணலுக்குப் போனாள். போன இடத்தில் நிம்மதியில்லை. தான் இல்லாத நேரத்தில் எல்லாம் பழையபடி ஆகியிருக்குமோ என்று தவித்தாள். மழை தொடங்கியதும் திரும்பிப் பறந்து வந்தாள்.

குளம் தெளிந்து கிடந்தது. கரையில் அவளுக்கு முன்பின் தெரியாத ஓர் இளம்பன்றி, தண்ணீரில் இறங்கப் போன தன் குட்டியை மூக்கால் நெட்டித் திருப்பிக்கொண்டிருந்தது.

"அங்கே இல்லை கண்ணு, நம்ம இடம் கீழே இருக்கு," என்றது.

ஊர் நலத்துக்காகப் போடும் திட்டத்தை, அதனால் கஷ்டப்படப் போகிறவரையும் உட்காரவைத்துப் பேசிப் போட்டால்தான், போட்டவர் போன பிறகும் அது நிலைக்கும்.