பின் சீட்டு

"அம்மா, கோபத்தை எப்படிங்க விடறது?"

வந்து உட்கார்ந்ததும் காளியண்ணன் இதைத்தான் கேட்டார்.

தவமணி அம்மா ஒரு பலாப்பழத்தைச் சாக்கில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். கொல்லிமலை அடிவாரத்தில், மலைப்பாதை தொடங்குவதற்குச் சற்று முன்னால் அவருடைய ஓட்டு வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே சிலர் வந்து, கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். காளியண்ணன் அவர்களில் ஒருவர். அம்மாவைவிட வயதில் மூத்தவர். சேலத்தில் டைல்ஸ் கடை.

இன்று ஞாயிறு இல்லை. இருந்தும் வந்திருந்தார்.

"யார் மேல கோபம்?"

"என் சம்சாரத்து மேலங்க."

"என்ன பண்ணாங்க?"

"என் கார்ல ஏற மாட்டேங்கறாளுங்க."

அம்மா சிரிக்கவில்லை. முடிச்சுப் போடுவதை நிறுத்தவும் இல்லை.

அந்தக் கார் வாசலில் வேப்பமர நிழலில் நின்றது. கருநீலம். வெளிநாட்டுக் கம்பெனி வண்டி, ஆனால் சின்னது. காளியண்ணன் குடியிருக்கும் தெருவில் பெரிய வண்டி திரும்பாது. சின்னதாகவும் இருக்க வேண்டும், உசத்தியாகவும் இருக்க வேண்டும் என்று தேடித் தேடி வாங்கியது.

கதவைச் சாத்தினால் 'தப்' என்று ஒரே ஒரு சத்தம். அதோடு வெளியுலகம் நின்றுவிடும். ஸ்டீயரிங்கை லேசாகத் தொட்டால் போதும், நினைத்த பக்கம் திரும்பும். டிரைவர் சீட்டு முதுகை ஒரு ஆள் தாங்குவது மாதிரி தாங்கும். வாழ்நாளெல்லாம் டைல்ஸ் தூசியில் நின்ற மனுஷன், அந்தச் சீட்டில் உட்கார்ந்த அன்றைக்குக் கண் கலங்கிவிட்டார். அதை யாரிடமும் சொன்னதில்லை.

"மொதல்ல வந்துட்டுத்தான் இருந்தா. அண்ணனும் அண்ணியும் எங்களோட ஒரே வீடுங்க. எங்க போனாலும் நாலு பேரும்தான் போவோம். நான் ஓட்டுவேன். அண்ணன் பக்கத்துல. பொம்பளைங்க ரெண்டு பேரும் பின்னால."

"ம்."

"கொஞ்ச நாள்ல அண்ணி முட்டி வலின்னாங்க. சரி, வயசாயிருச்சு. அப்புறம் இவ தலை சுத்துதுன்னா. போன வாரம் சேந்தமங்கலத்துல அவ தம்பி வீட்டுல காதுகுத்து. காரைக் கழுவித் தொடச்சு வாசல்ல நிறுத்தி வெச்சிருக்கேன். இவ பையைத் தூக்கிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பறா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

காளியண்ணன் தரையைப் பார்த்தார்.

"'உனக்கெல்லாம் பஸ்தான் லாயக்கு'ன்னுட்டனுங்க. எல்லாரும் நின்னு பாத்துட்டிருக்காங்க."

"அப்புறம்?"

"போனவ போனவதான். காதுகுத்து முடிஞ்சும் வரல. போன் பண்ணா தம்பி சம்சாரம் எடுத்துப் பேசுது. 'அக்கா குளிக்கறாங்க' 'அக்கா தூங்கறாங்க'ங்குது."

"ஏன் ஏற மாட்டேங்கறாங்கன்னு கேட்டீங்களா?"

"கேக்காம இருப்பனா? ஓட்டும்போதெல்லாம் கேப்பேன், 'பூங்கோதை, வண்டி எப்படி இருக்குது?'ன்னு. 'நல்லாத்தான் இருக்குது'ம்பா. நல்லாத்தான் இருக்குதுன்னா அப்புறம் என்னங்க?"

காளியண்ணன் வாசலில் நின்ற காரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒரே ஒரு ஆசைப்பட்டு ஒண்ணு வாங்கினேன். அதுல நான் சந்தோசமா இருக்கறது அவளுக்குப் பொறுக்கலீங்க அம்மா."

அம்மா முடிச்சை இறுக்கிவிட்டு எழுந்தார். கையை நீட்டினார்.

"சாவியக் குடுங்க. ஒரு சுத்து போயிட்டு வரலாம்."

காளியண்ணன் அந்தச் சாவியை அண்ணனிடம்கூடக் கொடுத்ததில்லை. அம்மா கை நீட்டியபடியே நின்றார். கொடுத்தார்.

அம்மாவுக்கு வண்டி புதிதல்ல. பழைய ஜீப் ஒன்றை மலைக்கு மேலும் கீழும் ஓட்டுகிறவர். முன்பக்கக் கதவைத் திறந்து, டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் பலாப்பழத்தைச் சாக்கோடு இறக்கினார்.

காளியண்ணன் பின்னாலேயே ஓடி வந்தார். முள்ளு முள்ளான பழம். தோல் சீட்டு.

"அம்மா, அதை டிக்கியில வெச்சுக்கலாங்களே."

அம்மா டிக்கியைத் திறந்தார். ஸ்பேர் டயர் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. மீதியில் கார் துடைக்கிற துணிகளும் பாட்டில்களும்.

"இடமில்ல."

"அப்ப பின் சீட்டுல வெச்சிரலாங்க."

"பின் சீட்டு உங்களுக்கு."

அம்மா டிரைவர் சீட்டில் ஏறி ஸ்டார்ட் பண்ணியதும் வண்டி 'டிங் டிங்' என்று கத்தியது. எட்டி, பழத்துக்கு பெல்ட் போட்டார். கார் அடங்கியது.

அதற்குள் காளியண்ணன் பின் சீட்டில் ஏறியிருந்தார். ஏறியிருந்தார் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அந்தக் கதவைத் துடைப்பதற்காகத் தவிர அவர் ஒருநாளும் திறந்ததில்லை. குனிந்து, மடங்கி, ஒரு காலை உள்ளே விட்டு, இன்னொரு காலை இழுத்துக்கொண்டு விழுந்தார் என்பதுதான் சரி. அண்ணன் நெட்டையான ஆள். அவர் கால் நீட்ட வசதியாக முன் சீட்டு கடைசிவரைக்கும் பின்னால் தள்ளியிருந்தது. இப்போது அது காளியண்ணனின் முழங்காலில் முட்டியது.

"அம்மா, முன் சீட்டைக் கொஞ்சம் தள்ளிக்கட்டுங்களா?"

"முன்னால ஆள் உக்காந்திருக்கறப்ப எப்படித் தள்ளறது?"

"பழந்தானுங்களே."

அம்மா வண்டியை எடுத்தார்.

முதல் வேகத்தடையில் இடுப்பில் யாரோ உதைத்தது போலிருந்தது. இதே வேகத்தடையை ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அவரே தாண்டி வந்திருந்தார். அப்போது இப்படி இல்லை.

பக்கத்து ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தார். சின்னக் கண்ணாடி, தோளுக்கு மேலேதான் ஆரம்பித்தது. தென்னைமரங்களின் தலை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அடிமரம் தெரியவில்லை, ஆள் தெரியவில்லை, ரோடு தெரியவில்லை. எந்த வளைவு எப்போது வரும் என்று தெரியாமல் உடம்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. தலைமுடியில் கூரை உரசியது.

ஏசி ஓடும் சத்தம் முன்னால் கேட்டது. காற்று பழத்துக்கு வீசிக்கொண்டிருந்தது.

சொல்லிவிடலாமா என்று யோசித்தார். அம்மா உற்சாகமாக ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு வளைவில் வண்டி வழுக்கிக்கொண்டு திரும்பியபோது, "அடேங்கப்பா!" என்று சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். இவ்வளவு சந்தோசமாக இருக்கிறவரிடம் போய் என்னவென்று சொல்வது? கொஞ்ச தூரந்தானே என்று காளியண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டார்.

அம்மா திரும்பாமலே கேட்டார்.

"வண்டி எப்படி இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குதுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது.

இரண்டு ஊர் கடந்து போயிற்று. எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை.

"அம்மா, ஓரமா நிறுத்தறீங்களா?"

அம்மா நிறுத்தினார்.

"வாந்தி வருதா?"

"வருதுங்க. அதுக்கில்ல."

அம்மா காத்திருந்தார்.

"சேந்தமங்கலம் போலாமுங்களா?"

"போலாமே. நீங்க முன்னால வந்துக்கறீங்களா? பழத்தைப் பின்னால மாத்திரலாம்."

காளியண்ணன் கதவின் கைப்பிடியில் கை வைத்தார். வைத்தவர் அப்படியே யோசித்தார். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வேண்டாமுங்க. இப்படியே போலாம்."

சேந்தமங்கலத்தில் தம்பி வீட்டு வாசலில் கார் நின்றபோது, பூங்கோதை ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வெளியே வந்தார். காரை அடையாளம் தெரிந்தது. ஆனால் ஸ்டீயரிங்கில் யாரோ ஒரு பெண். பக்கத்துச் சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு ஒரு பலாப்பழம். பின் சீட்டில், முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிட, முகம் வெளுத்துப்போய் அவருடைய புருஷன்.

அம்மா இறங்கவில்லை. ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காளியண்ணன் கதவைத் திறந்தார். முதலில் இறங்கிவிடலாம், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று எழுந்தார். கால் மரத்துப்போயிருந்தது. வலது காலை இழுத்தார், அது முன் சீட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. எம்பினார். தலை கூரை விளிம்பில் 'ணங்' என்று இடித்தது. மறுபடி சீட்டிலேயே விழுந்தார்.

பூங்கோதை பக்கத்தில் வந்தார். கூரை விளிம்புக்கும் அவர் தலைக்கும் நடுவில் தன் உள்ளங்கையை வைத்தார்.

"வலது காலை விடுங்க. எடது காலை மொதல்ல வெளிய வைங்க."

வைத்தார்.

"முன் சீட்டைப் புடிக்காதீங்க. புடிச்சா உங்க அண்ணன் திரும்பிப் பாப்பாரு. கதவுப் பக்கம் புடிங்க."

பிடித்தார்.

"இப்ப தலையைக் குனிங்க. இன்னும். இன்னும் கொஞ்சம்."

காளியண்ணன் குனிந்தார்.