பன்னிரண்டு கோல்களைத் திருப்பி வைத்தவள்

மலைகள் எல்லாம் இன்னும் வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. கீழே அடிவாரத்தூர் என்று ஓர் ஊர், மேலே உச்சியூர் என்று ஓர் ஊர், இரண்டுக்கும் நடுவில் ஏழுவளைவு இடுக்கு. பெரியவர்களும் கேட்கலாம், சின்னவர்களும் கேட்கலாம். ஆனால் நடுவில் எழுந்து போகாதீர்கள். திசை தப்பினவர்கள் கதை இது, எனக்கும் தப்பிவிடும்.

அந்த இடுக்கைக் கடக்க நாலு நாள் நடை. இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை. சிவப்பு, மஞ்சள், காவி என்று அடுக்கடுக்காக நிறம். உயரத்தில் தேன்கூடுகள் தொங்கும், அதற்கும் மேலே வானம் ஒரு வேட்டி அகலத்துக்குத் தெரியும். ஆறு மணலுக்கு அடியில் ஓடும். நடக்கிறவன் கால் நனையாது, தோண்டினால் தண்ணீர் வரும். பார்க்க அழகான இடம்தான். முதுகில் ஐம்பது படி உப்பைச் சுமந்துகொண்டு பார்த்தால் அழகு கொஞ்சம் குறையும்.

அடிவாரத்தூர்க்காரர்கள் உப்பு சுமந்து உச்சியூருக்குப் போவார்கள், அங்கிருந்து தேனும் மிளகும் கொண்டுவருவார்கள். அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. உச்சி வெயிலில் அந்தப் பாறைகள் அடுப்புபோல் தகிக்கும். அப்போது மட்டும் நிழலில் படுத்துத் தூங்குவார்கள், மற்ற நேரமெல்லாம் நடை. படுக்கும் முன் தங்கள் கோலைப் பக்கத்தில் கிடத்துவார்கள். இரும்புப் பூண் போட்ட முனை, போக வேண்டிய திசையைப் பார்க்க வேண்டும். ஏனென்றால் ஏழு வளைவும் ஒரே அச்சு. மேடும் பள்ளமுமாய்க் கிடக்கிற தரையை வைத்து ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று சொல்ல முடியாது. விழித்ததும் கோலைப் பார், அது காட்டுகிற பக்கம் நட. பெற்ற தாயைச் சந்தேகப்பட்டாலும் கோலைச் சந்தேகப்படாதவர்கள் அவர்கள்.

செத்தவன் கோலை மட்டும் மாற்றி வைப்பார்கள், முனை வந்த வழியைப் பார்க்க. இவனுக்கு இனிப் போக வேண்டிய தூரம் இல்லை என்று அர்த்தம். அப்படி வைத்த கோலைப் பிறகு எந்தச் சுமைகாரனும் தொடமாட்டான். செத்ததாகச் சொன்னவனே எழுந்து வந்தாலும் அவன் சுமைகாரன் இல்லை, அவன் பெண்டாட்டி அவன் பெண்டாட்டி இல்லை.

சிலம்பாயியும் சுமைகாரிதான். ஆணுக்குச் சமமாக உப்பு சுமப்பாள், அவள் கணவன் பொன்னாண்டி அவளைவிட ஐந்து படி கூடுதலாகச் சுமப்பான். அந்த ஐந்து படியைப் பற்றி அவன் வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லிக் காட்டுவான். அவன் பதினொரு பேரோடு இடுக்குக்குள் போய் நாற்பது நாள் ஆகிவிட்டது. உச்சியூருக்கும் போய்ச் சேரவில்லை, திரும்பியும் வரவில்லை.

சுமைகாரர்களின் தலைவர் கரடியப்பன் பன்னிரண்டு வீட்டுப் பெண்களையும் கூப்பிட்டார். நாலாம் நாள் சாயங்காலம் இடுக்கின் வாயில் ஆளுக்கொரு கோலைத் திருப்பி வைத்துவிடலாம் என்றார். மற்றவர்கள் அழுதார்கள். சிலம்பாயி அழவில்லை.

"மாமா, நாலு நாள் இருக்கில்ல. நான் போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்" என்றாள்.

"பன்னிரண்டு ஆம்பிளைங்க போய் வரல. நீ போய் என்னத்தப் பாக்கப் போற?"

"அந்தப் பன்னிரண்டு பேரைத்தான்."

மறுநாள் விடியற்காலையில் கட்டுச்சோறும் கோலுமாக அவள் இடுக்குக்குள் நுழைந்தாள். முதல் நாள் உச்சியில் படுத்தாள், விழித்தாள், நடந்தாள். ஒன்றும் ஆகவில்லை.

இரண்டாம் நாள் காலை ஒரு சிவப்புப் பாறையடியில் பெரிய உடும்பு ஒன்றைக் கண்டாள். மேலிருந்து உருண்ட கல் அதன் வாலை நசுக்கிக்கொண்டு கிடந்தது. சிலம்பாயி கோலைக் கொடுத்து நெம்பிக் கல்லைப் புரட்டினாள். உடும்பு வாலை ஒருமுறை ஆட்டிப் பார்த்தது. பிறகு, கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம் என்று சொன்னது. உடும்பு பேசுகிறதே என்று அவளுக்கு ஆச்சரியம். ஆனால் ஆச்சரியப்பட நின்றால் பொழுது போய்விடும் என்று நடையைக் கட்டினாள்.

அன்றைக்கு உச்சியில் வழக்கம்போல் கோலைக் கிடத்தித் தூங்கினாள். எழுந்து கோல் காட்டிய பக்கம் நடந்தாள். மூன்றாம் நாள் காலை, அதே சிவப்புப் பாறையில் அதே உடும்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்ன, அதுக்குள்ள திரும்பிட்ட?" என்றது.

தான் திரும்பவில்லை, மேலே போய்க்கொண்டிருப்பதாகவும், உடும்புதான் இடம் மாறி உட்கார்ந்திருப்பதாகவும் சிலம்பாயி சொன்னாள். உடும்புக்குக் கோபம் வந்துவிட்டது. பிடித்த இடத்தை விடுகிற சாதியா நான் என்று கேட்டது. பிறகு அவள் செய்த உதவியை நினைத்துக் கொஞ்சம் இறங்கிவந்து விஷயத்தைச் சொன்னது.

அந்த இடுக்கில் ஒரு மந்திரவாதி இருந்தான். மந்திரவாதி என்றதும் இடியும் மின்னலும் ஏழு தலை நாகமும் எதிர்பார்ப்பீர்கள். அதெல்லாம் இல்லை. அவன் செய்தது ஒரே ஒரு வேலை. உச்சியில் படுத்தவர்களை ஆழ்ந்து உறங்கவைத்து, வந்த திசை மறக்கும்படி ஒரு மந்திரத்தை ஊதுவான். பிறகு அவர்கள் கோலைத் திருப்பி வைப்பான். முதல் நாள் யாரையும் தொடமாட்டான், நன்றாக உள்ளே வரட்டும் என்று விட்டுவிடுவான். அடுத்த நாளிலிருந்து ஒரு நாள் இந்தப் பக்கம், ஒரு நாள் அந்தப் பக்கம். போய்ச் சேராமல் நடக்கிறவன் வைக்கும் ஒவ்வோர் அடியும் மந்திரவாதியின் ஆயுளில் போய்ச் சேரும். நடக்கிறவனுக்குப் பசிக்காது, களைக்காது. அதனால் அவனுக்குச் சந்தேகமும் வராது. முந்நூறு வருஷமாக மந்திரவாதி இப்படித்தான் வாழ்ந்துவந்தான். அவன் திருப்பிய கோலோடு யாராவது ஒருவர் வெளியே போய்விட்டால் போதும், சேர்த்ததெல்லாம் கரைந்துவிடும்.

இவ்வளவும் உடும்பு சொல்லிற்று. சிலம்பாயி நம்பினாளா? நம்பவில்லை. கோல் பொய் சொல்லாது என்று சொல்லிவிட்டு அது காட்டிய பக்கமே போனாள். புத்திசாலிப் பெண்தான். ஆனால் தொழிலில் ஊறின புத்தி வேறு எதையும் உள்ளே விடாது.

அன்றைக்கும் படுத்தாள், எழுந்தாள், நடந்தாள். நாலாம் நாள் காலை மூன்றாம் தடவையாக அந்தச் சிவப்புப் பாறை வந்தது. உடும்பு இந்த முறை அவளைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தது. அதற்குள் எதிர்ப்பக்க வளைவிலிருந்து காலடிச் சத்தம் கேட்டது. பன்னிரண்டு பேர் வரிசையாக உப்பு மூட்டையோடு வந்தார்கள். முன்னால் வந்தவன் பொன்னாண்டி.

சிலம்பாயி ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள். அவன் சிரித்தான். நேற்றுத்தான் வீட்டிலிருந்து கிளம்பியவன்போலத் தெளிவாக இருந்தான். பிறகு அவள் வந்த திசையைப் பார்த்தான்.

"ஏன் புள்ள கீழ போற? உச்சியூர் இந்தப் பக்கம்" என்று தன் முன்னால் காட்டினான்.

"நான் மேலதான் போறேன். நீங்கதான் கீழ எறங்குறீங்க."

அவன் தன் கோலைக் காட்டினான், இது காட்டிய வழி என்றான். அவள் தன் கோலைக் காட்டினாள், இதுவும் காட்டிய வழிதான் என்றாள். அடிவாரத்தூரில் அதுவரை நடக்காத சண்டை ஒன்று அங்கே நடந்தது. உன் கோல் தப்பு என்று ஒரு சுமைகாரன் இன்னொரு சுமைகாரியிடம் சொன்னான். சமையலைக் குறை சொல்லியிருந்தால்கூட அவள் பொறுத்திருப்பாள். நாற்பது நாளாக இப்படி நடக்கிறீர்களே என்று கேட்டாள். நாற்பதா, நாலு நாள்தானே ஆயிற்று, இன்னும் அரை நாளில் உச்சியூர் வந்துவிடும் என்று பன்னிரண்டு பேரும் ஒரே வாயாகச் சொன்னார்கள்.

அப்போதுதான் சிலம்பாயிக்கு உறைத்தது. இரண்டு கோல், இரண்டு திசை. ஒன்றாவது பொய். எது என்று அவளால் சொல்ல முடியவில்லை, அவனாலும் முடியாது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் கையிலிருந்த கோல் வெறும் மூங்கிலாகத் தெரிந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது. இன்றைக்கு நாலாம் நாள். சாயங்காலம் ஊரில் கோல் வைத்துவிடுவார்கள்.

எந்த வாய் வழியாக வெளியே போனால் என்ன, சேர்ந்து போனால் சரி என்று முடிவு செய்து அவள் அவர்களோடு திரும்பி நடந்தாள். பொன்னாண்டிக்கு ஒரே சந்தோஷம், தான் ஜெயித்துவிட்டதாக. நடந்துகொண்டே சிலம்பாயி யோசித்தாள். மந்திரவாதி கோலைத் திருப்புவான். திருப்பத்தான் போகிறான். திருப்பின பிறகு அது சரியான திசையைக் காட்ட வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும்? அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது. 

உச்சி வந்தது. எல்லாரும் மூட்டையை இறக்கி, கோலைக் கிடத்திப் படுத்தார்கள். படுத்தவுடன் உறங்கினார்கள். சிலம்பாயி எழுந்தாள். முதல் கோலை எடுத்து முனை வந்த வழி பார்க்க வைத்தாள். இரண்டாவதை வைத்தாள். மூன்றாவதை வைத்தாள். உயிரோடு மூச்சுவிடுகிறவனைச் செத்தவனாக்குவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பதினொன்றையும் வைத்துவிட்டுப் பொன்னாண்டியின் கோலைத் தொட்டபோது அவன் அரைக்கண் திறந்தான்.

"என்ன பண்ற? என்னைச் சாகடிக்கிறியா?"

"ஆமா. ஒரு மத்தியானத்துக்கு மட்டும்."

"அதை வச்சியானா நீ எனக்குப் பொண்டாட்டி இல்ல."

"சரி. வெளிய போய் அதைச் சொல்லுங்க. நின்னு கேட்டுக்குறேன்."

அவன் கோலைப் பறிக்கக் கை நீட்டினான். நீட்டிய கை பாதியில் மணலில் விழுந்தது. மந்திரம் அவனைத் தூக்கத்துக்குள் இழுத்துவிட்டது. சிலம்பாயி அவன் கோலைத் திருப்பி வைத்தாள். கடைசியாகத் தன்னுடையதையும் வைத்தாள். அழுதாள். அழுதுகொண்டிருக்கும்போதே அவளும் தூங்கிப்போனாள்.

மந்திரவாதி வந்தான். முந்நூறு வருஷம் ஒரே வேலையைச் செய்தவன், கோல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குனிந்து பார்ப்பானா? திசை மறக்கும் மந்திரத்தை ஊதினான். ஒவ்வொரு கோலாகத் திருப்பினான், பதின்மூன்றையும். கொட்டாவி விட்டுக்கொண்டே போய்விட்டான்.

சிலம்பாயி விழித்தபோது எந்தப் பக்கமிருந்து வந்தோம் என்று அவளுக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. மந்திரவாதி ஏமாந்தானா, அல்லது கவனித்துவிட்டு அப்படியே விட்டானா, தெரியவில்லை. பொன்னாண்டி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு மூட்டையை ஏற்றினான். கோல்கள் காட்டிய பக்கம் எல்லாரும் நடந்தார்கள். ஒரு வளைவு போனது. இரண்டாவது வளைவு போனது. ஒவ்வொரு திருப்பத்திலும் சிவப்புப் பாறை வந்துவிடுமோ என்று அவள் எட்டிப் பார்த்தாள். மூன்றாவது வளைவு திரும்பியதும் வேட்டி அகல வானம் விரிந்து முழு வானமாயிற்று.

இடுக்கின் வாயில் பதினொரு பெண்கள் கையில் கோலோடு குனிந்திருந்தார்கள். கரடியப்பன் அப்போதுதான், "வைங்கம்மா" என்று சொல்ல வாயைத் திறந்திருந்தார். திறந்த வாய் மூடவில்லை.

பொன்னாண்டி சுற்றிலும் பார்த்தான். "உச்சியூர்ல எப்படி நம்ம கரடியப்ப மாமா" என்று ஆரம்பித்தவன், பாதியில் நிறுத்திக்கொண்டான்.

பொன்னாண்டிக்கு முன்னால் சிலம்பாயியின் கால்தான் வெளித்தரையில் பட்டிருந்தது. மந்திரவாதி சேர்த்துவைத்த அடிகள் அத்தனையும் அந்தக் கணமே கரைந்தன. இடுக்குக்குள் அலைந்துகொண்டிருந்த மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள், அந்த நாட்டு ராஜாவின் தாத்தா காலத்து ஆள்கள்கூட இருந்தார்கள். மந்திரவாதி முந்நூறு வருஷத்தில் முதல் தடவையாகத் தன் காலால் நடந்து பார்த்தான். பத்து அடியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டான். பிறகு அவனைப் பற்றி யாரும் கேள்விப்படவில்லை.

திருப்பி வைத்த கோலைப் பற்றி ஒரு வழக்கு எழத்தான் செய்தது. கரடியப்பன் தாடியைத் தடவி யோசித்தார். சிலம்பாயி வைத்ததை வேறொருவன் திருப்பிவிட்டான், அவன் சுமைகாரனும் இல்லை, ஆகவே பன்னிரண்டு பேரும் உயிரோடுதான் இருக்கிறார்கள் என்று தீர்ப்புச் சொன்னார். ராஜா சிலம்பாயிக்கு வெள்ளிப் பூண் போட்ட கோல் ஒன்று அனுப்பினார். அதெல்லாம் பிறகு நடந்தது.

அன்றைக்கு நடந்தது இது. மந்திரம் விட்டதும் நாற்பது நாள் களைப்பும் நாற்பது நாள் பசியும் ஒரே நேரத்தில் வந்து அந்த ஆண்கள்மேல் இறங்கின. பொன்னாண்டி முழங்கால் மடிந்து உட்கார்ந்தான், எழுந்திருக்க முடியவில்லை. வீடு இன்னும் ஒரு கல் தூரம். சிலம்பாயி அவன் உப்பு மூட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, அவனைத் தூக்கி முதுகில் ஏற்றிக்கொண்டாள். ஐம்பது படிக்கு நிச்சயமாக மேலே இருந்தான்.

கொஞ்ச தூரம் போனதும் அவன் அவள் காதருகில், "நீ சொன்னதுதான் சரி" என்றான்.

"என்ன சொன்னீங்க? காதுல விழல."

"நீ சொன்னதுதான் சரின்னேன்."

காற்று அடிக்கிறது, இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள் என்றாள். காற்று எதுவும் அடிக்கவில்லை. அவன் மூன்றாம் தடவை ஊருக்கே கேட்கும்படி சொன்னான். அதற்குப் பிறகுதான் அவனை வீட்டு வாசலில் இறக்கிவிட்டாள்.