மணிக்கட்டைப் பிடிக்காத ஒற்றன்

"தட்டை மூக்குக்கு நேரே நீட்டினார்கள், மகாராஜா. பார்த்தான். அப்படியே தூங்கிவிட்டான்" என்றார் தளபதி சிங்கராயன்.

இது மெய்யாற்று நாட்டை விசித்திரவழுதி ஆண்டபோது நடந்தது. ராஜா விரலை ஊதிக்கொண்டிருந்தார். பத்து நாளுக்கு முன் ரோஜா முள் குத்தியிருந்தது. தோட்டம் முழுவதையும் பிடுங்கச் சொன்ன பிறகும் கோபம் தீரவில்லை. எதிரே நின்றவன் கோட்டை முரசுக்காரன் பிச்சாண்டி. தூங்கியது தலை போகும் குற்றம்.

கோட்டையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒற்றர்கள் எங்கும் சுற்றி, கண்ணில் பட்டதிலெல்லாம் ஒரு துண்டு கிள்ளித் தட்டில் வைத்துக் காட்டுவார்கள். ஆபத்தைப் பார்த்துவந்த ஒற்றன் மட்டும் முரசுக்காரனின் மணிக்கட்டை இறுக்கிப் பிடிப்பான். பிடி இல்லாத தட்டைப் பார்த்தால் பிச்சாண்டி கண்ணயர்ந்துவிடுவான். பிடியும் சேர்ந்தால், ஒற்றன் காதில் சொல்வதைப் பொறுத்து ஆளே மாறிவிடுவான். எதிரி வீட்டுக்குள் பதுங்கியிருக்கிறான் என்றால் ஓர் அடி, மல்லர்கள் வருவார்கள். வாய்க்காலில் புழு என்றால் வேறு அடி, மருந்து தெளிப்பவர்கள். மதிலோரம் என்றால் ஈட்டிக்காரர்கள். போதும் என்றால் படை அடங்கும் அடி. தட்டில் இருந்தது எதுவோ, அதைத் தேடி அழிப்பது படையின் வேலை. பிச்சாண்டி வாளைத் தொட்டதே இல்லை. ஆனால் அவன் அடிக்காமல் சிங்கராயன் வாளை உருவ முடியாது. அதுதான் தளபதிக்குப் பொறுக்கவில்லை.

"பிடித்தால்தான் அடிப்பானாம். கைப்பிடிக்க இவன் என்ன கல்யாணப் பெண்ணா?" என்றார்.

சபை சிரித்தது. ராஜாவுக்கும் பிடித்துவிட்டது. "இனிமேல் தட்டைப் பார்த்த உடனே அடி. இல்லையென்றால் தலை இருக்காது."

"எந்தத் தட்டானாலுமா, மகாராஜா?"

"எந்தத் தட்டானாலும்."

எந்த அடி என்று கேட்டான். படையை எழுப்பும் எல்லா அடியையும் அடி என்றார் ராஜா. தளபதியைச் சாட்சியாக வைத்துக்கொண்டு பிச்சாண்டி விடைபெற்றான்.

மறுநாள் காலை முதல் தட்டில் ஒரு நீலப் பட்டு நூல் வந்தது. அரண்மனைப் பக்கம் சுற்றிய ஒற்றன் வழக்கம்போல் அலட்சியமாக நீட்டினான். பிச்சாண்டி அடித்தான். நீலப் பட்டைத் தேடிப் படை கிளம்பியது; சிங்கராயன் தாமே கோடரியோடு முன்னால் ஓடினார். பள்ளியறைக் கதவு இரண்டே வெட்டில் விழுந்தது. மல்லர்கள் கட்டிலிலிருந்த நீலப் பட்டுப் போர்வையை, உள்ளே இருந்தவரோடு சேர்த்துச் சுருட்டினார்கள். மருந்துக்காரர்கள் தெளித்தார்கள். ஈட்டிக்காரர்கள் குறி பார்த்தபோது போர்வைக்குள்ளிருந்து ராஜாவின் குரல் வந்தது.

சபை கூடியது. ராஜா வேப்பெண்ணெய் வாடையோடு உட்கார்ந்து, என் போர்வையா எதிரி என்று கேட்டார்.

"எனக்கு எப்படித் தெரியும், மகாராஜா? தட்டில் எல்லாமே துண்டுதான். காட்டுகிறவன் பிடியில் பயம் இருந்தால் எனக்கும் பயம் வரும். அந்தக் கையைத்தான் நேற்று விலக்கிவிட்டீர்களே."

 பழைய வழக்கமே இருக்கட்டும் என்றார் ராஜா. தலை தப்பிய பிச்சாண்டியின் கழுத்தில் தம் முத்துமாலையைப் போட்டார். கிழிந்த போர்வையைச் சபையிலேயே உட்கார்ந்து தைக்கும்படி சிங்கராயனுக்கு உத்தரவு. சண்டை போடத் தெரியாதவன் எதற்கு என்று இனி யாரும் கேட்கக்கூடாது என்றும் சொன்னார்.

சொன்னவருடைய அக்குளில் ஒரு வாரமாக நெறி கட்டியிருந்தது. அந்த நிணநீர் முடிச்சுக்குள், உடம்பின் முரசுக்காரனான உதவி டி செல் ஒன்று, முள்ளோடு வந்த கிருமியின் துண்டைப் பார்த்து, காட்டிய செல்லின் பிடியையும் உணர்ந்து, அது ரசாயனத்தில் சொன்ன சேதிக்கு ஏற்ற ஆளாக மாறி, ஒன்று ஆயிரமாகப் பெருகி, விரலுக்குப் படையை ஏவி ஜெயித்தும் விட்டது. ராஜாவுக்கு இதை யாரும் சொல்லவில்லை. அந்தத் தட்டுகள் அவரிடம் வருவதில்லை.

சிங்கராயன் நூல் முனையை எச்சில் தொட்டு மறுபடியும் ஊசியிடம் கொண்டுபோனார். ராஜா அதைப் பார்த்தபடியே, விரலில் காய்ந்திருந்த பொருக்கை உரித்துக் கீழே போட்டார்.