மூடாத அலகு

நாரைக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சாக இருந்த அந்தக் காலத்தில், ஆற்றின் நடுவே ஒரு திட்டு இருந்தது. திட்டு முழுக்க மருத மரங்கள். மழைக்காலத்தில் நத்தைகுத்தி நாரைகள் அங்கே கூடு கட்டும். மேற்கே மலையில் மழை இறங்கினால் அவற்றுக்குத்தான் முதலில் தெரியும். "வெள்ளம் வருது, கரையேறுங்க" என்று குரல் கொடுக்கும். பரிசல்காரர்கள் பிழைத்துக்கொள்வார்கள். பதிலுக்கு அவர்கள் கொடுத்த வாக்கு ஒன்றுதான். திட்டின் அருகே பரிசலை அறைவதில்லை.

மற்ற இடங்களில் அறைவார்கள். தோல் போர்த்திய பரிசலின் விளிம்பில் துடுப்பால் ஓங்கி அறைந்தால் பறைபோல அதிரும். மீன் மிரண்டு வலைப்பக்கம் ஓடும்.

பொம்மக்காள் பரிசல் ஓட்டிப் பிழைத்தவள். புருஷன் இல்லை. ஒரே மகளைப் பெண் பார்க்க மேட்டுக்காட்டிலிருந்து வந்திருந்தார்கள். முன்பு வந்த இடங்கள், 'ஆத்தோரத்துப் பிள்ளைக்குக் காட்டுல வெள்ளாம வேலை வராது' என்று தட்டிப்போயிருந்தன. இவர்களும் சாப்பிட்டுக் கை கழுவினார்களே தவிர, பிடித்திருக்கிறது என்று சொல்லவில்லை. பொம்மக்காளே அவர்களை ஏற்றிக்கொண்டு பரிசலைத் தள்ளினாள். அக்கரை சேருமுன் ஒரு வார்த்தை வாங்கிவிட வேண்டும்.

திட்டு நெருங்கியது. நாரைகள் கூடுகளில் அசையாமல் அமர்ந்திருந்தன. மாப்பிள்ளையின் தாய்மாமன் செங்கோடன் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"இதுதானுங்களா உங்க நாரைத் திட்டு? எங்கூரு வேலியில காயப்போட்ட வேட்டிகூட இதைவிட ஆடும்."

மாப்பிள்ளையின் அம்மா சிரித்துவிட்டாள். "சும்மா இருங்கண்ணா. அவுங்க மூஞ்சி வாடிப்போச்சு."

"வாடட்டும். ஆறு ஆறுன்னாங்க. காட்டறதுக்கு ஒண்ணுமில்லாத ஆத்துல என்னத்தப் பொண்ணெடுக்கறது?"

அவர் கேலியாகத்தான் சொன்னார். பொம்மக்காளுக்கு அது கேலியாகப் படவில்லை.

"பறக்கறதைப் பாக்கணுமாங்கண்ணா?" என்றாள்.

துடுப்பைத் திருப்பிப் பிடித்தாள். ஒரே அறை.

திட்டு மொத்தமும் எழுந்தது. வெயில் மறைந்தது. சிறகுகளின் காற்றில் தண்ணீர் சிலிர்த்தது. செங்கோடன் பரிசல் ஆடுவதையும் மறந்து எழுந்து நின்றுவிட்டார். அந்த அம்மாள் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு பொம்மக்காளின் கையைப் பிடித்து, "தை பொறக்கட்டும் சம்பந்தி, வெச்சுக்கலாம்" என்றாள்.

கேட்கக் காத்திருந்த வார்த்தை. அதோடு சேர்ந்து தண்ணீரில் சொத்துச் சொத்தென்று ஏதோ விழும் சத்தமும் கேட்டது. மிரண்டு எழுந்த கால்கள் உதைத்துத் தள்ளிய முட்டைகள். இறகு முளைக்காத குஞ்சுகள். ஒன்று பரிசலுக்குள்ளேயே விழுந்து, கொஞ்ச நேரம் துடித்து அடங்கியது. செங்கோடன் மெல்ல உட்கார்ந்து, தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

கிழ நாரை ஒன்று தாழப் பறந்து வந்து பரிசலின் விளிம்பில் அமர்ந்தது.

"வெள்ளம் வருது பொம்மி. வலதுகைப் பக்கம் தள்ளு. பாறைமேல ஏறிக்குங்க."

அவள் தள்ளினாள். எல்லோரும் ஏறிய சற்றைக்கெல்லாம் செந்தண்ணீர் வந்து பரிசலை உருட்டிக்கொண்டு போயிற்று. குஞ்சு அவள் முந்தானையில் இருந்தது. நாரையும் பாறைக்கு வந்தது.

"இன்னிக்கும் ஏன் சொன்னே?" என்று கேட்டாள்.

"நீ வாக்கை விட்டுட்டே. எங்க வாக்கு இன்னிக்குப் பொழுது சாயற வரைக்கும் இருக்கு."

"தெரியாம செஞ்சேன்னு சொல்லமாட்டேன். தெரிஞ்சேதான் செஞ்சேன். மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ தாயி."

நாரை அலகைத் திறந்தது. முந்தானையில் கிடந்த குஞ்சைப் பார்த்தது. வார்த்தை வரவில்லை. அலகை மூடப் பார்த்தது. நுனி சேர்ந்தது, நடுவில் சேரவில்லை. பொழுது சாய்ந்துவிட்டது.

தை மாதம் கல்யாணம் நடந்தது. பொம்மக்காள் சம்பந்தி வீட்டுக்கு ஒருநாளும் போகவில்லை.

அன்று முதல்தான் நாரைக்குக் குரல் இல்லாமல் போயிற்று. அலகைத் தட்டும், அவ்வளவுதான். நத்தைகுத்தியின் அலகு நடுவில் மூடுவதே இல்லை. அன்று முதல்தான் பரிசல்காரர்கள் அந்தத் திட்டை நெருங்கியதும் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு பரிசலை நீரின் போக்கில் விடுகிறார்கள். பறவை பார்க்க வந்தவர்களையும் பேச விடுவதில்லை. நாரை சொல்லாமல் விட்ட அந்த வார்த்தை என்றைக்காவது வந்தால், காதில் விழ வேண்டுமே.