தோளிலிருந்து இறங்காத பலாப்பழம்

பண்ருட்டிக்குப் பக்கத்தில் ஒரு முச்சந்தி. அங்கே தெய்வசிகாமணி என்பவர் தோளில் பலாப்பழத்தோடு நிற்கிறார். பதினெட்டுக் கிலோ இருக்கும். இடப்பக்கம் போவதா, வலப்பக்கம் போவதா என்று தெரியவில்லை. இறக்கி வைக்கவும் வழியில்லை. அவர் அங்கே வந்து நின்ற கதை இது.

அவர் வீட்டுக் கொல்லையில் பெரிய பலா ஒன்று உண்டு. அதில் பழுக்கும் முதல் பழத்தை வீட்டார் தின்பதில்லை. அந்த வருடம் வீட்டுக்கு நல்லது செய்த வெளியாள் ஒருவருக்கு, வீட்டுத் தலைவரே சுமந்துபோய்க் கொடுக்க வேண்டும். வழியில் பழம் தரையைத் தொடக்கூடாது. அவர் அப்பன், பாட்டன் காலத்து வழக்கம்.

போன ஆவணியில் தெய்வசிகாமணிக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. புதுச்சேரியில் ஆறு தடவை கீமோ ஏற்ற வேண்டும் என்றார்கள். முதல் தடவை முடிந்து வந்ததும் வாயெல்லாம் புண். தயிர்சாதம்கூட நெருப்பாக எரிந்தது. உடம்பு பாதியானது. இப்படியே போனால் அடுத்த ஊசியைத் தாங்க மாட்டார் என்று ஊர் பேசியது. அவர் சொன்னார்: "எரிச்சல் இல்லாமல் என் வாய்க்குள் கருவாட்டுக் குழம்பு போக யார் வழி செய்கிறார்களோ, அவருக்குத்தான் வரப்போற பருவத்து முதல் பழம்."

மனைவி தையல்நாயகியின் அண்ணன் கலியமூர்த்தி மறுநாளே புறப்பட்டுவிட்டார். கீமோ மருந்து நல்ல செல்லையும் சேர்த்துப் பொசுக்குகிறது, நெல்லிக்காயிலும் மஞ்சளிலும் கறுப்புத் திராட்சையிலும் இருக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் அதைக் காக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எல்லாவற்றையும் இடித்துச் சுண்டக் காய்ச்சி, பாட்டிலில் ஊற்றி, தினமும் விடியலில் ஏழு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துக் கொண்டுவந்தார். மழை நாளிலும் நிறுத்தவில்லை.

இரண்டாம் தடவை போனபோது தையல்நாயகி அந்தச் சாற்றைப் பற்றி டாக்டரிடம் தனியாகக் கேட்டாள். அவர் இரண்டு விஷயம் சொன்னார். நெல்லிக்காய், கீரை, திராட்சை எல்லாம் சாப்பாட்டோடு தாராளமாகக் கொடுக்கலாம். சுண்டக் காய்ச்சிய சாறு மட்டும் சிகிச்சை முடியும்வரை வேண்டாம். நல்ல செல்லுக்குப் பிடிக்கிற குடை கெட்ட செல்லுக்கும் நிழல் கொடுத்துவிடலாம், அது இன்னும் தீர்மானமாகத் தெரியவில்லை என்றார். இரண்டாவது, இவருக்கு ஏறும் மருந்துக்கு, அது ஏறும்போது வாயில் ஐஸ் துண்டை அடக்கிக்கொண்டால் புண் குறையும். அன்றைக்கே ஆஸ்பத்திரி வாசலில் ஐஸ் வாங்கிக் கொடுத்தாள். அந்தத் தடவை புண் பாதியாகக் குறைந்தது.

அண்ணன் மனதை நோகடிக்க அவளுக்கு மனம் வரவில்லை. பாட்டிலைச் சிரித்த முகத்தோடு வாங்குவாள். கொல்லைக்குப் போய்ப் பெரிய பலாவின் அடியில் ஊற்றுவாள். நாலு திராட்சையைப் பிழிந்து தண்ணீர் கலந்து அதே டம்ளரில் புருஷனுக்குக் கொடுப்பாள். தெய்வசிகாமணி குடித்துவிட்டு, "உங்க அண்ணனுக்கு வரவரக் கை சுருங்கிப்போச்சு, வெறும் தண்ணியா இருக்கு" என்று முணுமுணுப்பார்.

வாசலில் வாங்கிய ஐஸ் பாதியிலேயே தீர்ந்துபோனதால், மூன்றாம் தடவை முதல் ஊரிலிருந்தே ஐஸ் போனது. ஊரில் ஐஸ் விற்பது ஏழுமலை ஒருவர்தான். அவரோடு தெய்வசிகாமணிக்கு ஒன்பது வருடமாகப் பேச்சு இல்லை. மகள் கல்யாணப் பந்தியில் ஏழுமலை கொடுத்த ஐஸ்கிரீம் உருகி ஓடி, சம்பந்தி வீட்டார் அதைப் பாயசம் என்று நினைத்து அப்பளம் நொறுக்கிப் போட்டுச் சாப்பிட்டார்கள். மறக்கக்கூடியதா அது?

தையல்நாயகி கேட்டதும் ஏழுமலை மறுபேச்சுப் பேசவில்லை. ஊசி நாளன்று காலையில் தெர்மாகோல் பெட்டியில் உமி அடைத்து, சாக்கு சுற்றி, பஸ்ஸுக்குப் பின்பக்கமாக வந்து அவளிடம் கொடுப்பார். "என் பேரைச் சொல்லிடாதேம்மா. சொன்னா அவர் வாயையே திறக்க மாட்டார்" என்பார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஐஸை அடக்கிக்கொண்டு தெய்வசிகாமணி சொன்னார்: "ஆஸ்பத்திரி ஐஸ்னா ஐஸ். மத்தியானம் வரைக்கும் கல்லு மாதிரி நிக்குது. அந்த ஏழுமலையைக் கூட்டியாந்து காட்டணும்."

அந்தத் தடவை புண் வரவில்லை. பிறகும் வரவில்லை. ஆறாவதும் முடிந்து, நோய் அடங்கிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று, வஞ்சிரக் கருவாட்டுக் குழம்பு ஊற்றி மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். வீடே கைதட்டியது. பெரிய பலாவும் அந்த வருடம் என்றும் இல்லாதபடி காய்த்துத் தொங்கியது.

முதல் பழம் இன்று இறங்கியது. டாக்டருக்குச் சர்க்கரை, பலாவைக் கண்ணால் பார்ப்பதோடு சரி என்று முன்பே சொல்லிவிட்டார். மச்சான்தான் என்று முடிவு செய்து தெய்வசிகாமணி பழத்தைத் தோளில் ஏற்றினார். கலியமூர்த்தி சலவை வேட்டி கட்டி வாசலில் காத்திருப்பதாகச் சேதியும் வந்தது. முச்சந்தி வரை கூடவே வந்த தையல்நாயகி அங்கே நின்றாள். "ஏங்க, பழத்தைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க. ஒண்ணு சொல்றேன்" என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

இடப்பக்கத் தெருவில் மச்சான் வீடு. வலப்பக்கத் தெருவில் ஐஸ் கடை. எதிரே, எல்லாவற்றையும் செய்துவிட்டுச் சும்மா நிற்கும் மனைவி. தோள் வலிக்கிறது. நீங்களே சொல்லுங்கள், அந்தப் பழம் யாருக்கு?

விடை: பாசத்தை அளந்தால் கலியமூர்த்திக்கு. அறிவை அளந்தால் தையல்நாயகிக்கு. ஆனால் அவள் வீட்டு ஆள், வழக்கம் இடம் கொடுக்காது. தெய்வசிகாமணி கொடுத்த வாக்கோ வாய்ப் புண்ணைப் பற்றியது. மச்சானின் சாறு மரத்துக்குப் போனது. ஏழுமலையின் ஐஸ்தான் வாய்க்குள் போனது. ஆகவே பழம் ஏழுமலைக்கு. வாசலில் காத்திருந்து அலுத்துத் தேடி வந்த கலியமூர்த்தியும் விவரம் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தார். "இந்தக் காய்ப்பெல்லாம் என் சாறுதான், இரண்டாம் பழம் எனக்கு" என்று அங்கேயே சொல்லிவைத்தார். தெய்வசிகாமணி வலப்பக்கம் திரும்பி நடந்தார். ஐஸ் கடை வாசலில் நின்று, ஒன்பது வருடத்துக்குப் பிறகு ஏழுமலையிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்: "பிடிய்யா. இது உருகாது."