ஊறுவதெல்லாம் துரைக்கு

ரொம்பப் பழைய காலம் என்று சொல்ல முடியாது, மோட்டார் கார் வந்துவிட்ட காலம்தான். கடலுக்கும் பாலைவனத்துக்கும் நடுவே ஜர்வான் என்றொரு அரபு தேசம். அதை முஹன்னா என்ற அமீர் ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் ஒரு பேச்சு, மாலையில் ஒரு பேச்சு. யாராவது கொஞ்சம் புகழ்ந்துவிட்டால் போதும், போட்டிருக்கும் அங்கியைக்கூடக் கழற்றிக் கொடுத்துவிடுவார்.

அவருடைய சபையில் ஷம்லான் என்றொருவர். துறைமுகத்து மாலுமிகளோடு பழகி வெள்ளைக்காரர் பாஷையில் நாலு வார்த்தை பொறுக்கி வைத்திருந்தார். அந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு அவர் அடித்த தம்பட்டம் இருக்கிறதே, அப்பப்பா! மந்திரி ஹமூதைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும்.

ஒருநாள் அரபு நன்றாகப் பேசும் லாங்டன் துரை என்பவர் ஓர் எண்ணெய்க் கம்பெனியின் சார்பில் வந்து இறங்கினார். அமீருக்குச் சிவப்பு மோட்டார் கார் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். தேசத்தில் மருந்துக்குக்கூட ஒரு சாலை கிடையாது. ஆனாலும் அமீர் காரிலேயே உட்கார்ந்து தர்பார் நடத்தினார். துரை மெல்ல ஒப்பந்தப் பத்திரத்தை நீட்டினார்.

"என்னய்யா எழுதியிருக்கிறது, ஷம்லான்?"

"மணலுக்கு அடியில் எண்ணெய் இருந்தால் அது கம்பெனிக்கு. வருஷா வருஷம் குத்தகை நமக்கு. அவ்வளவுதான், அரசே!"

மந்திரி ஹமூத் எட்டிப் பார்த்தார். "மண்ணெண்ணெய் டப்பாவில் 'எண்ணெய்' என்று போட்டிருப்பார்களே, அந்த எழுத்து இதில் எங்குமே இல்லையே?"

"அது டப்பா பாஷை, மந்திரியாரே! இது ராஜாங்க பாஷை. எண்ணெயைக் கௌரவமாகச் சொல்லியிருக்கிறார்கள்!" என்றார் ஷம்லான்.

சபை கொல்லென்று சிரித்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அமீர். சிரித்துக்கொண்டே முத்திரை மோதிரத்தை அழுத்திவிட்டார்.

மறுநாள் விடிந்தும் விடியாததுமாக அரண்மனை வாசலில் ஒரே கூக்குரல். "கிணற்றுக்கு வேலி போட்டுவிட்டார்கள், பிரபு! தண்ணீர் எடுக்க விடமாட்டேன் என்கிறார்கள்!"

அமீருக்குத் தூக்கிவாரிப் போட்டது. செருப்புக்கூட மாட்டாமல் ஓடினார்; ஹமூதும் ஷம்லானும் பின்னாலேயே ஓடினார்கள். ஊர்ப் பெருங்கிணற்றைச் சுற்றி முள்கம்பி. துப்பாக்கியோடு காவல். பெண்கள் காலித் தோற்பைகளோடு நின்றார்கள். நடுவில் குடை பிடித்தபடி லாங்டன் துரை.

"பத்திரத்தில் உள்ளபடிதான், அமீர். பூமிக்கு அடியிலிருந்து ஊறும் திரவம் அனைத்தும் கம்பெனிக்கு. தண்ணீரும் திரவம்தானே? எங்கள் இயந்திரங்களுக்கு நிறைய வேண்டும்."

அமீர் ஷம்லான் பக்கம் திரும்பினார். "திரவமா? ஷம்லான்! கௌரவமான வார்த்தை என்றீரே!" ஷம்லான் மெல்லப் பின்வாங்கினார். பெண்கள் யாரும் அமீரைத் திட்டவில்லை. அவர் விரலில் இருந்த மோதிரத்தை மட்டும் பார்த்தார்கள். அமீருக்கு அவமானம் தாங்கவில்லை, கையை அங்கிக்குள் மறைத்துக்கொண்டார். பாலைவனத்தில் தண்ணீரை விற்றவன் என்று தன் பெயர் நிற்கப்போகிறதே!

"எடுங்கள் வாளை!" என்று கத்தினார்.

"வேண்டாம், அரசே. கடலில் அவர்களுடைய பீரங்கிக் கப்பல் நிற்கிறது" என்று காதோடு சொன்ன ஹமூத், துரையின் பக்கம் திரும்பிக் குனிந்து வணங்கினார். அமீருக்கு இன்னோர் அதிர்ச்சி.

"துரை அவர்களே, இனி கிணறெல்லாம் தங்களுடையவை. ஜனங்கள் கேட்கும்படி தங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்களேன்."

துரைக்கு வாயெல்லாம் பல். "ஜர்வானின் கிணறுகள் அனைத்துக்கும் நானே சொந்தக்காரன்!"

"போதும்" என்றார் ஹமூத். உடனே நாலா திசைக்கும் ஒட்டகக்காரர்களை அனுப்பி அதையே பறைசாற்றச் சொன்னார்.

ஜர்வானில் ஒரு வழக்கம் உண்டு. தாகத்தோடு வருகிறவன் கிணற்றுக்குச் சொந்தக்காரனின் விருந்தாளி. அவனுக்கும் அவன் ஒட்டகத்துக்கும் தண்ணீர் காட்ட வேண்டும், ஆடு அறுத்துச் சோறு போட வேண்டும். மறுத்தவனுக்கு எவனும் ஒட்டகம் தரமாட்டான், வழியும் காட்டமாட்டான்.

பிற்பகலில் அடிவானத்தில் புழுதி எழுந்தது. கூட்டம் கூட்டமாக வந்தார்கள், ஒட்டகங்களோடும் பெண்டு பிள்ளைகளோடும். துரையின் கூடாரத்துக்கு முன்னால் மரியாதையாக உட்கார்ந்தார்கள்.

"சொந்தக்காரரே, நீடூழி வாழ்க! காப்பி வரட்டும். ஆடு எப்போது?"

"யார் இவர்கள்? விரட்டுங்கள்!" என்று துரை கத்தினாரோ இல்லையோ, கம்பெனிக்கு வேலை பார்த்த உள்ளூர் ஒட்டகக்காரர்கள் சுமையை இறக்கி வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வழிகாட்டியும் எழுந்து போய்விட்டான். வழிகாட்டி இல்லாமல் எண்ணெய் தேடி அந்த மணலில் நாலு அடி போக முடியாது. துரை அலறிப் புடைத்து மூட்டைகளை அவிழ்த்தார். மாவு தீர்ந்தது, சர்க்கரை தீர்ந்தது. ஓர் ஒட்டகம் அவருடைய குடையை மெல்ல ஆரம்பித்தது. புழுதி மட்டும் அடங்கவில்லை.

"ஐயா, எனக்குத் தண்ணீரே வேண்டாம்! அந்த வார்த்தையை அடித்துவிடுகிறேன்!"

"அடியுங்கள். 'எண்ணெய்' என்று எழுதுங்கள், டப்பா பாஷையிலேயே" என்றார் ஹமூத்.

வேலி பிடுங்கப்பட்டது. அமீர் தன் ஜரிகை அங்கியைக் கழற்றி ஹமூதுக்குப் போர்த்தினார். ஷம்லானின் கையில் வாளியைக் கொடுத்து, "கடைசி ஒட்டகம் குடித்து முடிக்கும்வரை இறையும், ராஜாங்க பாஷைக்காரரே!" என்றார். கூட்டம் சிரித்து உருண்டது.

அமீருக்குத் தலைகால் புரியவில்லை. "மந்திரி, ஒரே நாளில் தண்ணீரை மீட்டுவிட்டீரே! இதேபோல் நாளைக்கு எண்ணெயையும் மீட்டுவிடும்!"

ஹமூத் சிரிக்கவில்லை. "முடியாது, அரசே. தண்ணீர் கேட்டு வருகிறவனை எப்படி நடத்துவதென்று நமக்கு ஒரு வழக்கம் இருந்தது, பிழைத்தோம். எண்ணெய் கேட்டு இந்த மண்ணுக்கு யாரும் வந்ததே இல்லை. அதற்கு நம்மிடம் வழக்கம் ஏது?"

அமீரின் சிரிப்பு அப்படியே உறைந்தது. காலுக்கடியில் இருந்த மணலைக் குனிந்து பார்த்தார்.

"எவ்வளவு இருக்கும், மந்திரி?"

"தெரியாது, அரசே. அதைக் கேட்காமலேதான் கொடுத்துவிட்டோம்."