வாத்தியார் வாபஸ் வாங்கிய வழக்கு

ஜெயிலை நினைத்து ஏங்குகிறவன் எங்கள் ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சாயம் ஊறிய நூல் வாசனை எங்கிருந்தாவது வந்தால் போதும். அந்தத் தறிக்கூடமும், சாயங்காலங்களில் அதன் தரையில் கரியால் எழுதிக்கொண்டிருந்த பதினோரு பேரும் கண்முன் வந்துவிடுகிறார்கள்.

எங்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர் தேவசகாயம். அவரும் எங்களைப் போல ஆயுள் கைதிதான். அவருக்கு வயது முப்பத்தொன்று, எனக்கு ஐம்பத்தாறு. அவர் என்னை அண்ணாச்சி என்பார். நான் அவரை வாத்தியாரய்யா என்பேன்.

வகுப்பு நாலு மாதம்தான் நடந்தது. கூடி உட்கார்ந்து சதி செய்கிறார்கள் என்று யாரோ சொல்ல, ஒரு ஜெயிலர் எங்கள் நோட்டுகளை எரித்தார். தடுக்கப் போன வாத்தியாருக்கு லத்தி அடியில் வலது கை விரல் இரண்டு முறிந்தது.

அவர் இடது கையால் உயர் நீதிமன்றத்துக்கு மனு எழுதினார். கைதிக்கும் படிக்க உரிமை உண்டு, அடித்தவர் பதில் சொல்ல வேண்டும் என்று வழக்கு. மூன்று வருடம் இழுத்தது. கோயில் கொடைத் திருவிழாவுக்குக் காத்திருப்பது போல நாங்கள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் காத்திருந்தோம். வகுப்பைப் பற்றிக் கேட்டால் மட்டும், "கேஸ் நடக்குல்லா, முடியட்டும்" என்பார்கள் ஜெயில் அதிகாரிகள்.

பிறகு புது சூப்பிரண்டு வந்தார். வாத்தியாரைக் கூப்பிட்டுப் பேசினார்.

"கேஸ் நிலுவையில இருக்கும்போது வகுப்புக்கு நான் கையெழுத்துப் போட முடியாது. கேஸ் இல்லைன்னா நாளைக்கே நடத்தலாம். கட்டாயம் இல்லை, உங்க இஷ்டம்."

வாத்தியாருக்காக வழக்காடிய வக்கீல் பதறிப்போனார். "விட்டுராதீங்க. இன்னும் ரெண்டு வாய்தாதான். ஜெயிச்சிருவோம்."

"அதுக்கப்புறம்?" என்று கேட்டார் வாத்தியார்.

"அவங்க அப்பீல் போவாங்க."

அந்த வாரம் எங்களில் ஒருவரான சங்கிலிக்கு விடுதலை. வாசல் ரிஜிஸ்தரில் கைநாட்டு வைத்துவிட்டு, வழியனுப்ப வந்த வாத்தியாரைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தார்.

"என் பேருல பாதி வரைக்கும் எழுதப் படிச்சிட்டேன், வாத்தியாரய்யா. மிச்சத்தை வெளியில பாத்துக்கிடுதேன்."

மறுநாளே வாத்தியார் வாபஸ் மனு எழுதிக் கொடுத்துவிட்டார்.

வீடியோவில் நீதிபதி கேட்டார்: "யாராவது மிரட்டினார்களா?"

"இல்லை ஐயா. நானாகத்தான் வாபஸ் வாங்குகிறேன்."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வகுப்பு திறந்தும் நான் போகவில்லை. நாலு நாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் தறிக்கூட வாசலில் நின்றபடியே கேட்டேன்.

"விரலை முறிச்சவனைச் சும்மா விட்டுட்டீங்களே?"

"ஆமா."

"வலி போயிட்டா?"

"எங்க போவுது? மழை பெஞ்சா இன்னும் குடையுது."

"பிறகு ஏன் விட்டீங்க? ஜெயிக்கப்போற கேஸை யாராவது விடுவாங்களா?"

அவர் கொஞ்சம் நகர்ந்து, தன் பக்கத்தில் எனக்கு இடம் விட்டார்.

"உங்களுக்கு விடுதலை எப்போ, அண்ணாச்சி?"

"வர்ற தை மாசம்."

"ஏழு மாசம். வன்னியப்பெருமாள்னு உங்க பேரை எழுத எத்தனை எழுத்து வேணும்?"

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"அப்ப நேரம் இல்ல" என்றார் அவர். "உக்காருங்க."